ஆரல்வாய்மொழி – தோவாளை 40 கி.மீ. சவாரி: குதிரையை எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும்?

தோவாளைக்காரன்

பிப்ரவரியில் கும்பப்பூ அறுவடை நடந்து வயல்கள் காயும் நேரத்தில், ஆரல்வாய்மொழி – தோவாளை பக்கம் 40 கி.மீ. நெடுந்தூரச் சவாரி ஒன்று வைக்கலாம் என்று பேச்சு. 12 குதிரைகள் வரும். பெரும்பாலும் மார்வாரி, கத்தியவாரி இனக் கலப்பு. அந்தியூர்ச் சந்தையில் வாங்கியவை. நாலைந்தைத் தவிர மற்றவை ஊர்வலமும் கல்யாண வீடும்தான் பார்த்திருக்கின்றன. ஒரே நாளில் 40 கி.மீ. போனதில்லை.

என் வரைவு இதுதான்: 20 கி.மீ. சுற்று இரண்டு. நடுவில் ஒரு மருத்துவச் சோதனை. 30 நிமிடத்துக்குள் இதயத்துடிப்பு 64-க்கு இறங்க வேண்டும். 8 கி.மீ.க்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. முதலில் வருபவருக்குப் பரிசு. ஒரு கால்நடை மருத்துவர்.

எது போதாது, எது தவறு என்று தயங்காமல் வெட்டுங்கள். விதி எழுதி முடித்த பிறகுதான் பெயர்ப்பதிவு.

கால்நடைடாக்டர்_நாகர்கோவில்

முதலில் அந்த 64. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. அந்த எண்ணை வைத்திருப்பது தகுதிச் சவாரிகளை முடித்துவிட்டு 100 கி.மீ.க்கு மேல் போகிற குதிரைகளுக்கு. அதுவும் மேல் வரம்பு. முதல் தடவை 40 கி.மீ. போகும் குதிரைக்கு 60 வையுங்கள். நேரம் 15 நிமிடம்.

காரணம் சொல்கிறேன். ஓய்வில் குதிரையின் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. நன்றாகத் தயாரான குதிரை நின்றதும் முதல் 5, 10 நிமிடத்திலேயே மளமளவென்று இறங்கிவிடும். 68, 72 என்று தொங்கிக்கொண்டு நின்றால் மூன்றில் ஒன்று நடக்கிறது: உடம்புச் சூடு வெளியேறவில்லை, அல்லது வியர்வையில் நீர் போய் ரத்தத்தின் அளவு குறைந்துவிட்டது, அல்லது எங்கோ வலிக்கிறது. 30 நிமிடம் கொடுத்தால் தண்ணீரை ஊற்றி, நிழலில் நிறுத்தி எப்படியாவது 64-க்குக் கொண்டுவந்துவிடலாம். எண் தேறிவிடும், உள்ளே இருக்கும் கோளாறு அப்படியே இரண்டாம் சுற்றுக்குப் போகும்.

எண்ணும் முறையையும் விதியில் எழுதுங்கள். ஸ்டெதாஸ்கோப் இடது முழங்கைக்குப் பின்னால். 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலே 4 வித்தியாசம் வந்துவிடும். அதனால் 30 விநாடி எண்ண வேண்டும். எல்லைக்கோட்டில் நின்றால் முழு நிமிடம். பக்கத்தில் ஒரு குதிரை கனைத்தாலே துடிப்பு சட்டென்று ஏறும். அப்போது நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்க வேண்டும்.

துடிப்பு தேறினால் போதாது. ரிட்ஜ்வே சோதனை என்று ஒன்று உண்டு: எண்ணிக்கை எடுத்த உடனே கடிகாரத்தைத் தட்டி, குதிரையை 40 மீட்டர் ட்ராட்டில் (மெதுவோட்டத்தில்) கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். தொடங்கியதிலிருந்து சரியாக 1 நிமிடத்தில் மறுபடி எண்ண வேண்டும். முதல் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நல்லது. 4 கூடினால் தலை முதல் கால் வரை திரும்பப் பார்ப்போம். 8 கூடினால் அந்தக் குதிரைக்கு அன்றைய சவாரி முடிந்தது என்பது என் முடிவாக இருக்கும்.

இன்னொன்று: வயிற்றுச் சத்தம். இரண்டு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று என நாலு இடத்தில் கேட்க வேண்டும். நாலும் அமைதி என்றால் துடிப்பு 48 ஆக இருந்தாலும் அனுப்பமாட்டேன். ஓடும் குதிரை குடலுக்குப் போகும் ரத்தத்தைத் தசைக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. அது திரும்பி வராதபோதுதான் மாலையில் வயிற்றுவலி வந்து குதிரை புரளும்.

மார்வாரிமகன்

டாக்டர் சார், 60-ம் 15 நிமிடமும் சேர்ந்தால் பாதிக் குதிரை நடுச்சோதனையிலேயே நின்றுவிடும். வருகிறவர்கள் மனம் விட்டுப்போவார்கள். அடுத்த தடவை யாரும் வரமாட்டார்கள். 64, 20 நிமிடம் என்று வைத்தால் என்ன?

பழையாறு

தம்பி, சோதனையில் தேறுவது கடைசி 2 கி.மீ.யில் சவாரி செய்கிறவர் கையில் இருக்கிறது. 2 கி.மீ. மிச்சம் இருக்கும்போதே ட்ராட்டைக் குறைக்க வேண்டும். கடைசி 1 கி.மீ. இறங்கி, சேண வாரை ஒரு துளை தளர்த்தி, கூடவே நடந்து வரவேண்டும். அப்படி வரும் குதிரை சோதனை இடத்தை எட்டும்போதே 60-ஐ நெருங்கியிருக்கும். வாசல்வரை கேண்டரில் (ட்ராட்டைவிட வேகமான பாய்ச்சலில்) வந்துவிட்டு வரம்பைக் குறை சொன்னால் சரிவராது.

அபுதாபியில் பூதீப் என்ற இடத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வளைகுடா நாட்டுப் பாலைவனப் போட்டிகளில் வேகம் மிதமிஞ்சி, குதிரைகள் கால் முறிந்தும் ஓய்ந்தும் விழுந்தபோது, அங்கே தனி விதி போட்டார்கள்: துடிப்பு 56, வேகம் மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் கூடாது. பரிசும் முதலில் வந்தவருக்கு மட்டும் என்றில்லாமல் நல்ல நிலையில் முடித்த குதிரைகளுக்குப் போனது. தட்டையான மணல்வெளி, காய்ந்த காற்று உள்ள ஊரிலேயே 56. நம்மிடம் இருப்பது நாஞ்சில் நாட்டு ஈரக்காற்று.

அந்த ஈரக்காற்றைப் பற்றித்தான் விரிவாகப் பேசவேண்டும். குதிரை சூட்டை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை ஆவியாவது. காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. நீரும் போகும், உப்பும் போகும், சூடு போகாது. 2018-இல் அமெரிக்காவின் ட்ரையானில் நடந்த உலகக் குதிரையேற்றப் போட்டியில், வெப்பமும் ஈரப்பதமும் கூடியதால் நெடுந்தூரப் போட்டியை நடுவழியில் ரத்து செய்தார்கள். உலகத்தின் தேர்ந்த குதிரைகளுக்கே அந்த நிலை.

எனவே வெப்பமானியை மட்டும் பார்க்காதீர்கள். ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி), கருங்குமிழ் (கருப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி), சாதா என்று மூன்று அளவையும் சேர்க்கும் கணக்கு உண்டு. ஈரக்குமிழ் அளவில் 0.7 பங்கு, வெயிலில் வைத்த கருங்குமிழில் 0.2 பங்கு, நிழல் வெப்பத்தில் 0.1 பங்கு. ஈரக்குமிழ் 26, கருங்குமிழ் 42, நிழல் 32 டிகிரி என்றால் 18.2 + 8.4 + 3.2 = 29.8. இந்தக் கூட்டு எண் 28-க்குக் கீழே என்றால் வழக்கம்போல நடத்தலாம். 28 முதல் 30 வரை ஓய்வு நேரத்தையும் தண்ணீரையும் கூட்ட வேண்டும். 30-ஐத் தாண்டினால் தூரத்தைக் குறைக்க வேண்டும். 32-க்கு மேல் ஆபத்து, 33-க்கு மேல் போட்டியே கூடாது. நம் சவாரிக்கு 30 வந்தால் இரண்டாம் சுற்றே இல்லை என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு விவாதிக்க முடியாது.

தோவாளைக்காரன்

அண்ணாச்சி, அப்படியானால் அதிகாலை 5 மணிக்கே தொடங்கிவிடலாமா? வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

பழையாறு

வேண்டாம். பிப்ரவரியில் சூரியன் உதிக்க 6:40 ஆகிவிடும். அந்த இருட்டு நேரத்தில்தான் தோவாளைப் பூச்சந்தைக்கு வண்டிகள் வந்து போகும். காவல்கிணறு – நாகர்கோவில் சாலையை இருட்டில் 12 குதிரைகள் குறுக்கே கடப்பது கூடாது. ரயில்பாதையும் பக்கத்தில் இருக்கிறது. விடியல் வெளிச்சம் வந்த பிறகு 6:20-க்கு முதல் குதிரை, பிறகு 2 நிமிடத்துக்கு ஒன்று. கூட்டமாக விட்டால் முன்னால் போகும் குதிரையைப் பார்த்துப் பின்னால் உள்ளவை இழுக்கும். முதல் 5 கி.மீ.யில் வீணான சக்தி கடைசி 5 கி.மீ.யில் இல்லாமல் போகும்.

20-ம் 20-ம் வேண்டாம். குளிர்ச்சியில் நீளமான சுற்று, வெயிலில் குட்டையான சுற்று: 24, 16. மணிக்கு 12 கி.மீ. என்றால் முதல் சுற்று 2 மணி நேரம், 8:20. துடிப்புக்கு 15 நிமிடம், அதன்பின் 45 நிமிடக் கட்டாய ஓய்வு, 9:20. இரண்டாம் சுற்று 80 நிமிடம், 10:40. மேல் வேகம் மணிக்கு 14 கி.மீ. என்று பூட்டுங்கள். அதாவது முதல் சுற்றை 103 நிமிடத்துக்கு முன்னும், இரண்டாவதை 69 நிமிடத்துக்கு முன்னும் முடித்தால் அந்தச் சவாரி கணக்கில் இல்லை. எஃப்.இ.ஐ.யில் புதுக் குதிரைகளின் தகுதிச் சவாரிக்கு 16 கி.மீ. வேகத்துக்கு மேல் அனுமதி இல்லை. நம் ஈரத்துக்கு 14 போதும்.

பாதைக்குச் சானல் (பாசனக் கால்வாய்) கரை மண்தடம் நல்லது. நீர்வளத் துறையிடம் முன்கூட்டி எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். வடக்கே மலையடிவாரத்தை ஒட்டிப் போனால் வன உயிரினச் சரணாலய எல்லை வந்துவிடும். அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம். முப்பந்தல் பக்கம் காற்றாலை இறக்கையின் நிழல் பாதையில் ஓடும் இடங்களில் பழகாத குதிரை மிரளும். பதிவு செய்த எல்லாரும் ஒரு வாரம் முன்னதாகவே அந்த இடத்தில் குதிரையை நடத்திக் காட்டியிருக்க வேண்டும்.

லாடம்கட்டி

தரையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. வயலில் மேயும் குதிரைகளுக்கு இந்த மாவட்டத்தில் குளம்பு எப்போதும் ஈரத்தில் ஊறியிருக்கும். ஊறிய குளம்பில் ஆணி பிடிக்காது, 40 கி.மீ.யில் லாடம் தளரும். அதுவும் தார்ச் சாலையும் கப்பி போட்ட பாதையும் மாறி மாறி வந்தால் கேட்கவே வேண்டாம். லாடம் அடிப்பது சவாரிக்கு 7 முதல் 10 நாள் முன்னால் இருக்கட்டும். முந்தின நாள் அடித்தால், ஏதாவது ஓர் ஆணி உயிர்ச்சதையை நெருக்கியிருந்தால் அது வலியாக வெளிப்படுவது சவாரியின் நடுவில்தான். ஆறு வாரத்துக்கு மேல் ஆன லாடமும் ஆகாது. குளம்பு முன்னால் நீண்டுவிடும், பின்புறத் தசைநாண் இழுபடும்.

சொத்தவிளை, மணக்குடி பக்கம் கடற்கரை மணலில் பயிற்சி கொடுத்தால் பலம் வரும் என்று பலர் சொல்வதுண்டு. அலை நனைத்த கெட்டி மணலில் நடை, மெதுவான ட்ராட் சரி. மேலே உள்ள பொலபொல மணலில் வேகமாக விட்டால் முன்னங்கால் தசைநாண்தான் முதலில் போகும். இதயமும் தசையும் இரண்டு, மூன்று மாதத்தில் தயாராகிவிடும். தசைநாணுக்கு ஆறு மாதத்துக்கு மேலும், எலும்புக்கு ஒரு வருடம் வரையும் ஆகும். துடிப்பு நன்றாக இறங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டுவதால்தான் நொண்டல் வருகிறது.

வயது பற்றி யாரும் கேட்கவில்லையே. பல குதிரைகளுக்குக் காகிதம் கிடையாது, எனவே வாயைத் திறந்து பார்க்க வேண்டும். கடைசி ஓர வெட்டுப்பல் நிரந்தரப் பல்லாக முளைப்பது நாலரை வயதில். அது எதிர்ப்பல்லோடு உரசித் தேயத் தொடங்கினால் 5. ஓரப்பல் இன்னும் பால்பல் என்றால் அந்தக் குதிரையைப் பதிவே செய்யாதீர்கள். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் 5 வயதுக்குப் பிறகுதான் மூடும்.

மார்வாரிமகன்

அண்ணே, ஒரு சந்தேகம். நம்மிடம் உள்ள பல குதிரை ரேவால் என்ற துள்ளலில்லாத நடைக்குப் பழக்கியவை. ட்ராட் கேட்டால் ரேவாலில் போகும். நொண்டல் சோதனையில் அதை எப்படிப் பார்ப்பீர்கள்? ட்ராட் வரவில்லை என்று வெளியேற்றினால் நியாயம் இல்லை.

லாடம்கட்டி

கேட்கவேண்டிய கேள்வி. ட்ராட்டில் மூலைக்கு மூலை எதிரான கால்கள் ஜோடியாக விழும், உடம்பு மேலும் கீழும் ஒரே அளவில் ஏறி இறங்கும். அதனால் வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்குவது கண்ணுக்குத் தெரியும். ரேவாலில் எப்போதும் ஏதோ ஒரு கால் தரையில் இருக்கிறது, துள்ளல் இல்லை. மெல்லிய நொண்டல் அதில் மறைந்துபோகும். மார்வாரியும் கத்தியவாரியும் இயல்பிலேயே ட்ராட் போடத் தெரிந்தவைதான். கடிவாளத்தை இறுக்கித் தலையைத் தூக்கிப் பிடிப்பதால்தான் ரேவாலுக்கு மாறுகின்றன. தலைக்கயிற்றை நீளமாக விட்டு, ஆள் கழுத்துக்குப் பக்கத்தில் ஓடினால் பெரும்பாலானவை ட்ராட்டுக்கு வரும். இரண்டு மாதம் முன்னதாகவே தினமும் 40 மீட்டர் இப்படிப் பழக்கிவிடுங்கள். சோதனைத் தடம் கெட்டியான சமதரையாக இருக்கட்டும், கல்யாண மண்டப முற்றம் மாதிரி.

கால்நடைடாக்டர்_நாகர்கோவில்

இதோடு ஒரு சேர்க்கை. எவ்வளவு முயன்றும் ட்ராட்டுக்கு வராத குதிரையை, அது நடக்கும் நடையிலேயே சவாரிக்கு முன்தினம் படம் பிடித்து வைத்துக்கொள்வேன். நடுச்சோதனையில் அதே நடையோடு ஒப்பிடலாம். காலில் வலி தெரியாமல் மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் நடை சுத்தமாகத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. உணர்வு மரத்த காலைக் கண்டுபிடிக்க எஃப்.இ.ஐ. வெப்பப் படம் எடுக்கும் கருவியையே விதியில் கொண்டுவந்தது. நம்மிடம் கருவி இல்லை. பேனா முனையால் கணுக்காலுக்குக் கீழே தொட்டுப் பார்த்து, இரண்டு முன்னங்காலும் ஒரே மாதிரி உதறுகிறதா என்று பார்ப்போம்.

காணப்பானை

தீவனத்துக்கு வருகிறேன். இங்கே குதிரைகளுக்குக் காணம் (கொள்ளு), கோதுமைத் தவிடு, கோ-4 புல், வைக்கோல். இந்தக் கூட்டில் சுண்ணாம்புச் சத்துதான் பெரிய ஓட்டை. கோ-4 போன்ற நேப்பியர் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்பைக் குடலிலேயே கட்டிப்போடும். தவிட்டில் பாஸ்பரஸ் சுண்ணாம்பைவிட ஏறக்குறைய 10 மடங்கு. இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் போனால், குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். முகவெலும்பு வீங்குவதும், காரணம் தெரியாமல் கால் மாற்றி நொண்டுவதும் இதனால்தான்.

இப்படி ஒரு குதிரை 24 கி.மீ. வியர்த்தால் குளோரைடும் பொட்டாசியமும் போய், ரத்தம் காரத்தன்மைக்குச் சாய்ந்து, மிச்சமிருக்கும் சுண்ணாம்பும் செயலிழக்கும். அப்போது விலாவில் இதயத்துடிப்போடு சேர்ந்து டக் டக்கென்று ஓர் உதறல் வரும். உதரவிதானம் இதயத்தோடு சேர்ந்து துடிக்கிறது. விலாவில் கையை வைத்தாலே தெரியும். அதைக் கண்டால் சவாரி அந்த இடத்தோடு நிற்க வேண்டும்.

மாற்றுவது கடினமில்லை. தவிட்டைப் பாதியாகக் குறையுங்கள். கோ-4-க்குப் பதில் அருகம்புல், வேர்க்கடலைக் கொடி, கொஞ்சம் குதிரைமசால். ஆனால் மாற்றத்தை இரண்டு வாரத்தில் மெல்லச் செய்ய வேண்டும். சவாரி வாரத்தில் திடீரென்று குதிரைமசாலை அள்ளிப் போடாதீர்கள். சுண்ணாம்பு வெளியிலிருந்து தாராளமாக வந்தால் எலும்பிலிருந்து எடுக்கும் வழியை உடம்பு மூடிவிடும், தேவைப்படும் நாளில் திறக்காது. 350 கிலோ குதிரைக்கு உலர் எடையில் நாளுக்கு 7 கிலோ நார்த்தீவனம் குறிவையுங்கள். 5 கிலோவுக்குக் கீழே போகவே கூடாது. காணம் ஊறவைத்து வேகவைத்தது நாளுக்கு 1 கிலோ போதும். புரதம் கூடினால் சிறுநீரும் கூடும், உடம்புச் சூடும் கூடும்.

சவாரி அன்று 4 மணி நேரம் முன்னதாகத் தானியத்தை நிறுத்துங்கள். புல்லை நிறுத்தாதீர்கள், சேணம் போடும்வரை தின்னட்டும். வெறும் வயிற்றோடு ட்ராட்டில் போனால் அமிலம் வயிற்றின் மேல்பக்கம் அலையடித்துப் புண்ணாக்கும்.

தோவாளைக்காரன்

உப்புக் கரைசல் பற்றியும் சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி. எல்லாரும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

காணப்பானை

குதிரை வியர்வை லிட்டருக்குச் சுமார் 10 கிராம் உப்புகளைக் கொண்டுபோகும். 10 லிட்டர் வியர்த்தால் 100 கிராம். அதை முழுக்க அன்றே ஈடுகட்ட நினைக்காதீர்கள். புல்லும் தண்ணீரும் பாதியைத் தரும். கலவை: சமையல் உப்பு 2 பங்கு, பொட்டாசியம் குளோரைடு 1 பங்கு. 350 கிலோ குதிரைக்கு நடுச்சோதனையில் 30 கிராம், ஈரத் தீவனத்தில் கலந்து. குதிரை தண்ணீர் குடித்த பிறகுதான். குடிக்காத குதிரைக்குப் பசைபோல் உப்பை வாயில் தள்ளினால், அது உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் குடலுக்கு இழுக்கும்.

இரண்டு ஆபத்து. உரக்கடையில் விற்கும் பொட்டாஷ் தீவனத்துக்கானது அல்ல. கால்நடை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். ஆப்பசோடா கலந்த மாட்டுக் கரைசல் பொடியையும் தொடாதீர்கள். வியர்த்த குதிரையின் ரத்தம் ஏற்கெனவே காரம். சோடா அதை இன்னும் தள்ளும்.

நின்றவுடன் கொடுக்கும் முதல் வாளியில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்து வையுங்கள், பக்கத்திலேயே வெறும் தண்ணீர் ஒரு வாளி. வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் ரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய், உடம்பில் நீர் குறைந்திருந்தும் தாகம் அடங்கிவிடும். உப்புத் தண்ணீரில் தொடங்கினால் மொத்தத்தில் கூடுதலாகக் குடிக்கும். வீட்டில் பழக்காத குதிரை முகர்ந்துவிட்டுத் தள்ளும் என்பதால் இதற்கும் முன்பயிற்சி வேண்டும்.

மார்வாரிமகன்

சூடாக இருக்கும் குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக் கூடாது, குளிர்ந்த தண்ணீரை முதுகில் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்களே?

கால்நடைடாக்டர்_நாகர்கோவில்

இரண்டையும் விட்டுவிடலாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால் இதைத்தான் தீவிரமாக ஆராய்ந்தார்கள். குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுவதால் தசை பிடிக்கவில்லை, சூடு வேகமாக இறங்கியது. தண்ணீரைத் தடுத்தால்தான் கெடுதல். தாகமுள்ள குதிரை குடிக்கட்டும்.

ஊற்றும் முறை: கழுத்து, தோள், விலா, பின்தொடை, கால்களின் உட்பக்கம். இடைவிடாமல் ஊற்ற வேண்டும். ஒரு வாளி ஊற்றி, வழித்து எடுத்து, நின்று பார்த்து, மறுபடி ஊற்றுவது நேர விரயம். ஈரத்துணியைப் போர்த்திவிட்டுப் போவது அதைவிட மோசம், துணிக்கு அடியில் தண்ணீர் சூடாகி நின்றுவிடும். மலக்குடல் வெப்பம் 39-க்கு வரும்வரை ஊற்றுங்கள். 40-க்கு மேல் இருந்தால் மற்ற சோதனை எல்லாம் பிறகு, முதலில் தண்ணீர். 41 எட்டினால் அவசரம்.

கணக்கு: குதிரைக்கு 80 லிட்டர் குளிர்விக்க, 30 லிட்டர் குடிக்க. 12 குதிரைக்கு 1,320 லிட்டர், ஒரு சோதனைக்கு. டிராக்டர் டேங்கர் ஒன்று, பனிக்கட்டி பத்துப் பாளம். பொதுத் தொட்டி வேண்டாம். ஒவ்வொரு குதிரைக்கும் எண் போட்ட சொந்த வாளி, சொந்தப் பஞ்சு. பொதுத் தொட்டியில் மூக்கு வைத்தால் சளி நோய்கள் ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் போகும். வெளிமாவட்டக் குதிரைகளுக்கு ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இல்லை என்ற சான்றும் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

மார்வாரிமகன்

நடு ஓய்வில் இரண்டு பாட்டில் குளுகோஸ் ஏற்றிக்கொள்ள அனுமதி உண்டா? வண்டிப் பந்தயங்களில் செய்கிறார்கள்.

கால்நடைடாக்டர்_நாகர்கோவில்

கிடையாது. ஊசி குத்தினால் அந்தக் குதிரை போட்டியில் இல்லை. 5% குளுகோஸ் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது. இரண்டு பாட்டில் 50 கிராம். 350 கிலோ குதிரை உடல் எடையில் 6% நீரை இழந்திருந்தால் குறை 21 லிட்டர். ஒரு லிட்டர் ஏற்றி அந்தக் குதிரையை ஓட்டுவது கொடுமை.

வலிமருந்து இன்னும் ஆபத்து. நீர் வற்றிய உடம்பில் ஃபுளூனிக்சினோ ஃபீனைல்பியூட்டசோனோ போட்டால் சிறுநீரகம் கெடும், வலியின் எச்சரிக்கையும் போய்விடும். சவாரிக்கு 7 நாள் முன்பே எந்த வலிமருந்தும் நின்றிருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

சிகிச்சைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 40 லிட்டர் ரிங்கர் லாக்டேட், நார்மல் சலைன் கையிருப்பு, 14 கேஜ் ஊசிக்குழாய், சுண்ணாம்பு மருந்து, மூக்குக்குழாய். ஒரு மருத்துவர் போதாது. நடுச்சோதனையில் இருவர், சிகிச்சைக்கு மட்டும் ஒருவர். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டிப் பேசி, குதிரை ஏற்றும் வண்டியும் ஓட்டுநரும் சோதனை இடத்திலேயே நிற்க வேண்டும். சிறுநீர் காப்பி நிறத்தில் வந்து, பின்தொடை கல்லாக இறுகினால் அது தசைச் சிதைவு. நடக்க வைக்காதீர்கள், பத்தடிகூட. நின்ற இடத்துக்கே நான் வருகிறேன்.

பதிவுக்கு முன் ரத்தம் பாருங்கள். சர்ரா ஒட்டுண்ணியும் உண்ணிக் காய்ச்சலும் உள்ள குதிரை வீட்டில் சாதாரணமாகத்தான் தெரியும். ரத்தச் சிவப்பணு அளவு 30%-க்குக் கீழே என்றால் சவாரியைத் தள்ளிவைத்துச் சிகிச்சை.

பழையாறு

எடையை விட்டுவிட்டோம். நெஞ்சுச் சுற்றளவைச் செ.மீ.யில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்று 160, நீளம் 150 என்றால் 323 கிலோ. அதில் 20% சுமார் 65 கிலோ, சேணம், போர்வை, தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்து. சேணக் கட்டு 8 கிலோ என்றால் ஆள் 57 கிலோவுக்குள். அந்தியூரிலிருந்து வந்த பல குதிரைகள் இந்த அளவுதான். 80 கிலோ ஆள் வேறு குதிரை பார்க்க வேண்டும். இதில் சலுகை கூடாது.

நடு ஓய்வில் சேணத்தைக் கழற்றிப் போர்வையின் அடியைப் பாருங்கள். எல்லா இடமும் நனைந்திருக்க, உள்ளங்கை அளவு ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அழுத்தி வியர்வையையே நிறுத்தியிருக்கிறது. முள் வைத்த கடிவாளம் வண்டி, சுமை விலங்குகளுக்கே 1965 விதிகளில் தடை. அதே விதிகள் 37 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள இடத்தில் பகல் 12 முதல் 3 வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. நாமும் கடைசி நேரத்தை 11 என்று வைப்போம், அதற்குப் பிறகு யாரும் பாதையில் இருக்கக் கூடாது.

பரிசு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். முதலில் வந்தவருக்கு என்று ஒரு ரூபாய் வைத்தாலும் மேலே எழுதிய அத்தனையும் வீண். 14 கி.மீ. வேகத்துக்குள், 60 துடிப்பில், நொண்டாமல் முடித்த எல்லாக் குதிரைக்கும் ஒரே பதக்கம், ஒரே தொகை. தனிப்பரிசு ஒன்று மட்டும், முடித்து 1 மணி நேரம் கழித்து மறுசோதனையில் மிக நல்ல நிலையில் இருக்கும் குதிரைக்கு. 1955 முதல் கலிபோர்னியாவில் நடக்கும் 160 கி.மீ. டெவிஸ் கோப்பையிலேயே, நல்ல நிலையில் முடித்த குதிரைக்கு ஹேகின் கோப்பை என்று தனியாக உண்டு. அங்கே சவாரிக்காரர்கள் அதைப் பெரிதாக மதிக்கிறார்கள்.

மார்வாரிமகன்

பதக்கம் எல்லாருக்கும் என்றால் சரி. துடிப்பு 60-க்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஒரு டாக்டர் போகலாம் என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார் என்றால்?

கால்நடைடாக்டர்_நாகர்கோவில்

துடிப்பு, வெப்பம், வயிற்றுச் சத்தம்: இவற்றில் ஒரு மருத்துவர் நிறுத்தச் சொன்னாலே நிற்க வேண்டும், மேல்முறையீடு இல்லை. நொண்டல் மட்டும் சந்தேகமாக இருந்தால் இரண்டாம் மருத்துவர் ஒரே ஒருமுறை ட்ராட் பார்ப்பார். அப்போதும் கருத்து பிரிந்தால் குதிரை நிற்கும். சவாரி செய்கிறவர் தானாக இறங்கி நிறுத்தினால் பதிவுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பணம் போய்விடுமே என்று யாரும் ஓட்டக் கூடாது.

தோவாளைக்காரன்

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். 24 + 16, 14 கி.மீ. பூட்டு, 60/15, கூட்டு எண் 30-இல் நிறுத்தம், 20% எடை, சொந்த வாளி, மூன்று மருத்துவர், எல்லாருக்கும் ஒரே பரிசு. மிச்சம் ஒன்று: முடிந்ததும் அன்றே வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோகலாமா? மதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு குதிரை வருகிறது.

கால்நடைடாக்டர்_நாகர்கோவில்

அன்று ஏற்றவேண்டாம். வண்டியில் நின்று சமாளிப்பதே குதிரைக்கு உழைப்பு, அதோடு தண்ணீரும் குடிக்காது. முடித்து 1, 3, 6 மணி நேரம் கழித்துத் துடிப்பு, வயிற்றுச் சத்தம், சாணம், சிறுநீர் நிறம் எழுதுங்கள். இரவு 9-க்கு ஒரு முறை, விடியலில் ஒரு முறை குளம்புச் சூட்டையும் கணுக்கால் நாடியையும் தொட்டுப் பாருங்கள். களைத்துப்போன குதிரைக்குக் குளம்பு அழற்சி வருவது பெரும்பாலும் மறுநாள்தான். ஆறு மணி நேரத்துக்குள் சாணம் போடாத, தீவனத்தில் வாய் வைக்காத குதிரை எதுவாக இருந்தாலும் என்னைக் கூப்பிட வேண்டும். காலையில் 10 நிமிடம் நடத்தி, ஒரு ட்ராட் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகு வண்டி கிளம்பலாம். மதுரைக்காரர்களுக்கு இரவு தங்கக் கொட்டகை, புல், ஆள் மூன்றையும் இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

காணப்பானை

கொட்டகையும் புல்லும் நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு குதிரைக்கு 20 கிலோ காய்ந்த அருகம்புல்லும் வேர்க்கடலைக் கொடியும். அவர்கள் வீட்டில் போடும் தீவனத்திலிருந்து ஒரு மூட்டை கூடவே கொண்டுவரச் சொல்லுங்கள். களைத்த வயிற்றுக்கு அன்றைக்குப் புதுத் தீவனத்தை மட்டும் கொடுக்கக் கூடாது.